உங்களுக்குத் தெரியுமா? விழுங்கும் செல்லுக்கு வழிகாட்டும் பொருள்கள்

உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று நுழைந்தால் நம் காவல் செல்கள் என்ன செய்கின்றன என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு ரோஜா முள். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ், உடல் முழுக்க ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நடமாடும் செல்கள் மொய்த்துக் கிடந்தன. தேடி வந்து விழுங்கும் செல்கள் உண்டு என்ற அந்தக் கண்டுபிடிப்புக்காக 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த விழுங்கு செல்களில் பெரியவற்றுக்கு மேக்ரோஃபேஜ் என்று பெயர்.

அன்றிலிருந்து வெகுகாலம், செயற்கை உறுப்புகளும் தையல் நூல்களும் செய்தவர்களின் கவலை ஒன்றே: இந்தச் செல்கள் சீண்டாதபடி பொருளை எப்படி உள்ளே வைப்பது? இப்போதைய ஆய்வாளர்கள் வேறொன்று கேட்கிறார்கள். எப்படியும் வரப்போகிற செல்லை எந்த வேலைக்கு அனுப்பலாம்? இந்தக் கேள்விக்குக் கொல்கத்தா நகரத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது. இந்தப் பகுதியில் பெரும் பங்கை அதற்கே தருகிறேன்.

கொல்கத்தாவுக்கு விமானத்தில் போகிறவர்கள் இறங்கும் இடம் டம்டம். அந்த ஊரின் பெயரில் ஒரு காய்ச்சல் இருந்தது தெரியுமா? அங்கே பணியாற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பிய படைவீரர் ஒருவர் 1900-இல் நெட்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். ஓயாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல். அந்த மண்ணீரலை நுண்ணோக்கியில் பார்த்த வில்லியம் லீஷ்மன் சின்னஞ்சிறு உருண்டை உருவங்களைக் கண்டார். 1903 மே மாதம் அதை வெளியிட்டார். சில வாரங்களில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் அதே உருவங்களைப் பார்த்தார். முதலில் இறந்தவரின் மண்ணீரலில். பிறகு ஜூலை மாதம், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியில். டோனவன் பிறந்தது கல்கத்தாவில், கண்டுபிடித்தது சென்னையில். இருவர் பெயரையும் இணைத்து அந்த ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனவனி என்று பெயர் சூட்டியவர் ரொனால்டு ராஸ். பறவை மலேரியா கொசு வழியே பரவுவதை 1898-இல் கல்கத்தாவில் நிறுவியவரும் அவரே. நோயைக் காலா-அசார் என்று இன்றும் அழைக்கிறோம். பரப்புவது மணல் ஈ.

இந்த ஒட்டுண்ணி குடியிருக்கும் இடம் எது தெரியுமா? விழுங்கு செல்லின் வயிறு. கிருமியைக் கரைத்துக் கொல்வதற்காகவே மேக்ரோஃபேஜ் வைத்திருக்கும் அமில அறைக்குள் லீஷ்மேனியா நிம்மதியாகப் பெருகுகிறது. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய மூன்றிலும் மேக்ரோஃபேஜ்கள் நிறைய இருப்பதால் அந்த உறுப்புகளே அதிகம் சீர்குலைகின்றன. ரத்தத்தில் சுற்றும் மருந்து இந்தச் செல்லின் உள்ளறைவரை போய்ச் சேர வேண்டும். சிகிச்சையின் எல்லாச் சிரமமும் இங்கேதான்.

உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் பெயரை வங்காளத்துப் பள்ளிக் குழந்தைகள் அறிவார்கள். நம்மூரில் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1920-களின் தொடக்கத்தில், சியால்டாவில் உள்ள கேம்பெல் மருத்துவமனையில், குழாய்த் தண்ணீரோ மின்சாரமோ எரிவாயுவோ இல்லாத ஒரு சிறிய அறையில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஆன்டிமனி உலோகத்திலிருந்து யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தை உருவாக்கினார். காலா-அசார் வந்தால் பெரும்பாலும் சாவுதான் என்றிருந்த காலம் அது. அஸ்ஸாமிலும் வங்கத்திலும் அந்த மருந்து பெருந்திரளான உயிர்களைக் காத்தது. 1929-இல் அவர் பெயர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது; பரிசு கிடைக்கவில்லை. அந்தக் கேம்பெல் மருத்துவமனைதான் இன்றைய நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி.

ஆன்டிமனியின் குறை என்ன? அது இதயத்தையும் கணையத்தையும் பாதிக்கும் நச்சு. ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்குக் கொடுத்தால் நோயாளியும் துன்பப்படுவார். மருந்தை மாற்றாமல், போகும் வழியை மாற்றினால்?

அந்த வழி கொழுப்பில் கிடைத்தது. 1960-களில் கேம்பிரிட்ஜ் அருகே பேபிரகாம் ஆய்வகத்தில் அலெக் பாங்கம், நம் செல்களின் சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு தண்ணீரில் தானாகவே நுண்ணிய குமிழிகளாகச் சுருண்டுகொள்வதைக் கண்டார். லிபோசோம் என்று பெயர். ரத்தத்தில் செலுத்தினால் அவற்றை வேற்றுப் பொருளாகக் கருதி முதலில் விழுங்குபவை கல்லீரல், மண்ணீரல் மேக்ரோஃபேஜ்களே. மற்ற நோய்களுக்கு மருந்து கொண்டுபோக நினைத்தவர்களுக்கு இது பெரிய இடையூறு. காலா-அசாருக்கோ, ஒட்டுண்ணி இருக்கும் வீட்டு வாசலிலேயே மருந்து இறங்குகிறது. 1977, 78-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெவ்வேறு குழுக்கள் ஆன்டிமனி மருந்தை லிபோசோமில் அடைத்து விலங்குகளுக்குக் கொடுத்தன. வெறும் மருந்தைவிடப் பல நூறு மடங்கு வீரியம் தெரிந்தது.

யூரியா ஸ்டிபமைன் கொல்கத்தாவில் இரண்டாம் பிறவி எடுத்தது தெரியுமா? ஜாதவ்பூரில் இந்திய வேதி உயிரியல் நிறுவனம் இருக்கிறது. 1935-இல் தொடங்கிய ஆய்வு நிலையம் அது. இப்போது சிஎஸ்ஐஆர் என்ற அரசு ஆய்வகக் குடும்பத்தில் ஒன்று. அங்கே எம்.கே. பாசு குழுவினர் 1990 வாக்கில் பிரம்மச்சாரியின் அதே மருந்தை லிபோசோமுக்குள் வைத்து விலங்குகளில் சோதித்தார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், குமிழியின் வெளிப்புறத்தில் மேனோஸ் முதலிய சர்க்கரைகளை ஒட்டினார்கள். மேக்ரோஃபேஜின் மேற்பரப்பில் மேனோஸைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. நுண்ணுயிர்கள் பலவற்றின் மேலுறையில் அந்தச் சர்க்கரை இருப்பதால், அதைக் கண்டதும் செல் இழுத்து உள்ளே போட்டுக்கொள்ளும். சர்க்கரை பூசிய குமிழியும் அப்படியே உள்ளே போகிறது. மண்ணெண்ணெய் விளக்குக் கதை நிறையப் பேர் எழுதியது. அதே மருந்து அதே நகரத்தில் சரியான செல்லைத் தேடிப் போகக் கற்றுக்கொண்டது, எனக்கு அதைவிடப் பெரிய செய்தியாகத் தோன்றுகிறது.

அதே நிறுவனத்தில் நாஹித் அலி குழுவினர் ஸ்டியரிலமைன் என்ற பொருளைச் சேர்த்து நேர்மின்னேற்றம் கொண்ட லிபோசோம்களைச் செய்தார்கள். உள்ளே மருந்தே இல்லாத வெறும் குமிழியும் ஆய்வகத்தில் லீஷ்மேனியாவைக் கொன்றது. அதே வகைக் குமிழிகளில் ஒட்டுண்ணியின் புரதங்களை வைத்துத் தடுப்பூசிக்கான விலங்குச் சோதனைகளும் செய்தார்கள். சுமக்கும் பொருளும் மருந்தாகலாம், நோய் எதிர்ப்பு செல்லுக்குப் பாடமும் நடத்தலாம் என்பதற்கு நம் நாட்டு உதாரணம் இது. மனிதருக்கான காலா-அசார் தடுப்பூசி இன்னும் சந்தைக்கு வரவில்லை.

நோயாளியின் படுக்கைவரை வந்து சேர்ந்த லிபோசோம் எது? ஆம்போடெரிசின்-பி என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைச் சுமப்பது. குமிழி ஒவ்வொன்றும் 100 நானோமீட்டருக்கும் குறைவு. 2010-இல் ஷியாம் சுந்தர் குழுவினர் பீகாரின் முசாஃபர்பூரில் நடத்திய ஆய்வில் 412 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு முறை லிபோசோம் மருந்து ஏற்றினார்கள். மற்றப் பிரிவுக்குப் பழைய வடிவ மருந்து, ஒருநாள் விட்டு ஒருநாளாக 15 முறை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது குணமானோர் முறையே 95.7 சதவீதமும் 96.3 சதவீதமும். ஏறக்குறைய ஒரு மாதம் மருத்துவமனையில் கிடக்க வேண்டிய கூலித் தொழிலாளி, ஒருமுறை மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பலாம். 2014-இலிருந்து நம் தேசியத் திட்டத்தில் இதுவே முதல்நிலைச் சிகிச்சை. மருந்து விலையுயர்ந்தது. உற்பத்தி நிறுவனம் உலக சுகாதார அமைப்பு வழியாகக் கொடையாகத் தருவதால்தான் கிராமத்து மருத்துவமனைவரை வருகிறது. நம் நோய்க்கான மருந்துக்கு நாம் வெளியாரின் கொடையை நம்பியிருப்பது சரியல்ல. இங்கேயே மலிவாகச் செய்யும் வழியை அரசு விரைவுபடுத்த வேண்டும்.

விழுங்க முடியாத அளவுக்குப் பொருள் பெரிதாக இருந்தால்? மேக்ரோஃபேஜ்கள் ஒன்றோடொன்று கலந்து ராட்சத செல்லாகின்றன. அதுவும் தோற்றால் நார்த்திசுவால் பொருளைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிடுகின்றன. தோலுக்கடியில் வைக்கும் சர்க்கரை உணரிகள் நாளடைவில் மந்தமாவதற்கு இந்தச் சுவர் ஒரு முக்கியக் காரணம். உருவமும் அளவும் இதில் விளையாடுகின்றன. 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஒன்றரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள உருண்டைகளைச் சுற்றிச் சிறிய உருண்டைகளைவிட மிகக் குறைவான நார்தான் படிகிறது என்று எலிகளிலும் குரங்குகளிலும் காட்டினார்கள். உள்ளே துளைகள் கொண்ட பொருள் என்றால் 30 முதல் 40 மைக்ரோமீட்டர் அளவுத் துளைகளில் ரத்தக் குழாய்கள் நன்றாக நுழைகின்றன, சுவர் மெலிகிறது. ரசாயனம் மாறவில்லை, அளவு மட்டுமே மாறியது.

காவல் செல்கள் சீண்டாமல் விடும் பொருளும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணுக்குள் சிதறிய பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் துணுக்குகள் பெரிய அழற்சி ஏதும் இன்றிக் கிடந்ததை ஹெரால்டு ரிட்லி கவனித்தார். அதே பொருளில் வில்லை செய்து 1949 நவம்பரில் லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையினர் 1992-இல் தொடங்கிய ஆரோலேப், அந்த வில்லையை ஏழைக்கும் எட்டும் விலையில் செய்தது. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. காவல் செல்கள் பொறுத்துக்கொள்ளும் பொருள் ஒன்று எத்தனை கோடிப் பேருக்குப் பார்வை தரும் என்பதற்கு நம் மதுரையைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தடுப்பூசியில் படிகாரம் இருந்தது தெரியுமா? சவரக் கடையில் கன்னத்தில் தேய்க்கும் அதே படிகாரம்தான். 1926-இல் பிரிட்டனில் அலெக்சாண்டர் கிளெனி, தொண்டை அடைப்பான் நச்சிலிருந்து செய்த தடுப்பு மருந்தைப் படிகாரத்தால் வீழ்படிவாக்கி ஊசி போட்டார். எதிர்ப்புச் சக்தி பன்மடங்கு கூடியது. ஊசி போட்ட இடத்தில் மருந்து தேங்கி நிற்கிறது. காவல் செல்கள் அங்கே வந்து கூடுகின்றன. துகளை விழுங்கி, நிணநீர்க் கணுக்களுக்குச் செய்தி கொண்டுபோகின்றன. இன்று அலுமினியத்தின் வேறு உப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. குழந்தைகளின் முத்தடுப்பு ஊசியிலும் கோவாக்சினிலும் அலுமினிய உப்பு உண்டு.

புண் ஆறும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். காயம் பட்ட சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளைத் தாக்குகின்றன. இரண்டு, மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் பொறுப்பேற்கின்றன. முதலில் அவை சண்டைக் குணத்தோடு அழற்சியை வளர்க்கும். பிறகு குணம் மாறி, குப்பையை அகற்றி, ரத்தக் குழாய்களையும் புதுத் திசுவையும் வளர்க்கும் சமிக்ஞைகளைச் சுரக்கும். இந்தக் குணமாற்றம் நடக்காவிட்டால் புண் ஆறாது. நீரிழிவுக்காரர்களின் காலில் வாரக்கணக்கில் ஆறாமல் நிற்கும் புண்ணில், மேக்ரோஃபேஜ்கள் பெரும்பாலும் அந்தச் சண்டை நிலையிலேயே சிக்கிக் கிடக்கின்றன. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் சொன்னது. ஆகவே, குணம் மாறாத மேக்ரோஃபேஜை மாற்றும் புண்கட்டு ஒன்று மலிவாகக் கிடைத்தால் நம் நாட்டில் எத்தனை கால்கள் தப்பும் என்று எண்ணிப் பாருங்கள்.

புண்கட்டாகப் பயன்படும் கொலாஜன் என்ற புரதத்தின் கட்டமைப்பு சென்னையில் தெளிவானது என்பது பலருக்குத் தெரியும். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவத்தை முன்வைத்தார்கள். அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பின்னாளில் தீக்காயத்துக்கான கொலாஜன் படலங்களை உருவாக்கியது. கொலாஜன் வெறும் மூடுதுணி அல்ல. அது சிதையும்போது உண்டாகும் துணுக்குகளே விழுங்கு செல்களைக் காயத்துக்கு அழைக்கின்றன.

திசுவைச் சீராக்க, டி-செல்கள் என்ற வெள்ளையணுக்களும் வேண்டும். 2016-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் எலிசெஃப், கெய்ட்லின் சாட்லர் குழுவினர் எலிகளின் கிழிந்த தசையில், செல்களை நீக்கிய இயற்கைத் திசுவைச் சாரமாக வைத்தார்கள். உதவி டி-செல்கள் வந்து இன்டர்லூகின்-4 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்தன, மேக்ரோஃபேஜ்கள் பழுதுபார்க்கும் குணத்துக்கு மாறின. டி-செல்கள் இல்லாத எலிகளில் அந்த மாற்றம் சரியாக நடக்கவில்லை. எலியில் கண்டது மனிதரில் அப்படியே பலிக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆனாலும் செயற்கைச் சாரம் செய்வோர் நோய் எதிர்ப்பியலைப் படித்தே தீர வேண்டும் என்றாக்கியது இந்த ஆய்வு.

மேற்கு வங்கத்தின் மால்டா மல்பெரிப் பட்டும் தசர் பட்டும் சேலைக்கு மட்டுமல்ல. கொல்கத்தாவுக்கு மேற்கே காரக்பூர் ஐஐடியில் சுபாஸ் சந்திர குண்டு குழுவினர் பட்டின் புரதங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். தசர் பட்டின் இழைப் புரதமான ஃபைப்ரோயினில் செல்கள் பற்றிக்கொள்ளும் மூன்று அமினோ அமிலத் தொடர் இயற்கையாகவே இருக்கிறது. மல்பெரிப் பட்டில் அது இல்லை. பழைய பட்டுத் தையல் நூல்கள் சிலருக்கு அழற்சி தந்ததற்கு செரிசின் என்ற பசைதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பின்வந்த சோதனைகளில் தனித்த செரிசின் மேக்ரோஃபேஜைப் பெரிதாகத் தூண்டவில்லை. ஃபைப்ரோயின் இழைமீது ஒட்டியிருக்கும்போதே தொல்லை.

எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல், மேக்ரோஃபேஜின் ரத்த உறவு. இரண்டும் ஒரே முன்னோர் செல்லிலிருந்து பிறப்பவை. ஆகவே எலும்பில் வைக்கும் பொருளும் காவல் செல்களைக் கணக்கில் கொள்ள வேண்டும். 1969-இல் அமெரிக்காவில் லாரி ஹென்ச், எலும்போடு ஒட்டும் கண்ணாடியை உருவாக்கினார். அதில் 45 சதவீதம் சிலிக்கா. ஜாதவ்பூரில் 1950-இல் தொடங்கிய மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய உயிர்க் கண்ணாடியிலும், நம் எலும்பின் தாதுவான ஹைட்ராக்ஸி அபடைட்டிலும் ஆய்வு செய்துவருகிறது. கண்ணாடி மெல்லக் கரையும்போது வெளிவரும் கால்சியம், சிலிக்கான் அயனிகள் எலும்பு செல்களோடு காவல் செல்களையும் பாதிக்கின்றன.

தோலுக்கடியில் வைக்கும் மாத்திரை புற்றுநோய்க்குப் பாடம் நடத்துமா? ஹார்வர்டில் டேவிட் மூனி குழுவினர் ஆஸ்பிரின் மாத்திரை அளவில், துளைகள் நிறைந்த பாலிமர் வில்லை செய்தார்கள். அழைக்கும் புரதமும் எச்சரிக்கை டிஎன்ஏ துணுக்கும் நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த சாறும் அதில் உண்டு. டென்ட்ரிடிக் செல்கள் என்ற காவல் செல்கள் உள்ளே வந்து, கட்டியின் அடையாளத்தைக் கற்றுக்கொண்டு, நிணநீர்க் கணுவுக்குப் போய் டி-செல்களைத் தயார்செய்ய வேண்டும் என்பது திட்டம். 2009-இல் எலிகளில் நல்ல பலன் தெரிந்தது. 2013-இல் பாஸ்டனில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயாளிகளிடம் முதற்கட்டச் சோதனை தொடங்கியது.

நோயாளியின் டி-செல்களையே வெளியே எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றுவது கார்-டி சிகிச்சை. 2023 அக்டோபரில் இந்தியா அனுமதித்த முதல் உள்நாட்டு கார்-டி சிகிச்சை, மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. உலகெங்கும் கார்-டி தயாரிப்பில், எதிர்ப்புரதம் பூசிய 4.5 மைக்ரோமீட்டர் காந்த மணிகள் டி-செல்களைத் தட்டி எழுப்பிப் பெருக்கப் பரவலாகப் பயன்படுகின்றன. வேலை முடிந்ததும் காந்தத்தால் மணிகளை அகற்றிவிட்டு, செல்களை மட்டும் நோயாளிக்கு ஏற்றுகிறார்கள்.

கடைசியாக, மேற்கு வங்கம், பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கும், அங்கிருந்து இங்கு வேலைக்கு வந்திருப்போரை வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. காலா-அசார் குணமான பிறகும் சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தோலில் வெளிறிய தேமல்களும் முடிச்சுகளும் வரும். இதை 1922-இல் விவரித்தவரும் பிரம்மச்சாரிதான். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. தொழுநோய் என்றோ சாதாரணத் தேமல் என்றோ விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தத் தோலில் ஒட்டுண்ணி உயிரோடு இருக்கிறது. மணல் ஈ கடித்தால் அடுத்தவருக்கும் போகும். முன்பு இந்தக் காய்ச்சல் வந்த யாருக்காவது இப்படித் தேமல் தெரிந்தால், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், பழைய காய்ச்சலைப் பற்றி மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.